கடன் வாங்கிய பி.டி. பீரியடுகள்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு பி.டி. மூன்று மணிக்கே பிள்ளைகள் முகம் மாறிவிடும். பையைக் கட்டி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணி அடிக்கும். சாக்பீஸ் டப்பாவோடு நான் உள்ளே நுழைவேன். “ம்ம்ம்ம்...” என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், நாற்பது பேரும் ஒரே சுருதியில். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது.

நான் கணக்கு வாத்தியார். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர். ரிசல்ட் வரும் நாளில் முதலில் கேட்கப்படும் கேள்வி “கணக்குல எத்தனை பேர் போச்சு?” என்பதுதான். வருகிற பயத்தில் யாரிடமாவது நேரம் பிடுங்க வேண்டும். இங்கிலீஷ் டீச்சர் தர மாட்டார், அறிவியல் டீச்சர் தர மாட்டார். தருவதற்கு என்று பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மதியம் ஸ்டாஃப் ரூமில் பி.டி. சாரைப் பார்த்து, “சார், டென் பி-யை இன்னைக்கு நான் பாத்துக்கறேன்” என்பேன். அவரும் “சரி சார்” என்பார். பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவர் முடியாது என்று சொன்னதில்லை. அதனாலேயே நான் கேட்பதும் நின்று, தகவல் சொல்வதாக மாறிப்போனது.

ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்று என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 30 பீரியடு. 14 ஆண்டுக்கு 420. விடை வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானூற்றி இருபதா!

2022 ஜூனில் அவர் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். இடம் காலியாகவே கிடந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விசிலை எடுத்து நீட்டினார். “அந்த பீரியடெல்லாம் எப்படியும் நீங்கதானே சார் எடுக்கறீங்க. இதையும் நீங்களே வச்சுக்குங்க” என்றார். கோபமில்லை, கிண்டல்தான். ஆனால் உத்தரவும் அதுதான்.

கல்லூரியில் கேரம்கூட நான் ஒழுங்காக ஆடியவனில்லை. விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்தால், காற்றுப் போன மூன்று வாலிபால், துருப்பிடித்த ஒரு குண்டு, 30 மீட்டர் டேப், பாதி எலி தின்ற கயிறு, இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. பூட்டிவிட்டு வெளியே வந்தால், புங்க மரத்தடியில் ஒன்பது பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள். அதில் நெட்டையாக இருந்த ஒருத்தி, “சார், கபடிக்கு ஜோனலுக்குப் பேர் குடுக்கணும் சார். தேதி முடியப்போவுது” என்றாள்.

கபடி எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. வடுவூர் கூப்பிடு தூரம். பொங்கலுக்கு ஊருக்கு ஊர் டியூப் லைட் கட்டி ராத்திரி முழுக்க ஆடுவார்கள். ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்கு. பெண்கள் கபடி என்பது ஆசிய விளையாட்டிலேயே 2010இல்தான் நுழைந்தது. ஆண்கள் 1990லேயே பெய்ஜிங்கில் ஆடிவிட்டார்கள். இருபது வருட இடைவெளி. எங்கள் ஊரில் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அதிகம்.

பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். முதல் நாள் கோடு போடும்போது மூலைகள் செங்கோணமாக வரவேண்டுமே என்று கயிற்றில் 3, 4, 5 என்று முடிச்சுப் போட்டு முக்கோணம் இழுத்துக் காட்டினேன். “பிதாகரஸ் தேற்றம் பாத்தியா, எங்க வந்து உதவுது!” என்று பெருமையாகச் சொன்னேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். பி.டி. சார் காலால் அளந்தே போட்டுவிடுவாராம். விளையாட்டின் வழியாகக் கணிதம் கற்பிக்கும் என் முயற்சி அன்றோடு சரி.

விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிக்குள் ஒருத்தி பாடிப்போய்த் திரும்புவதற்கு, 30 விநாடி. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி செல்லும். மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதல் புள்ளி. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதாகப் போகிறவள் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவள் அவுட். இதெல்லாம் தாளில் புரிந்தது. ஆனால் கணுக்காலை எப்படிப் பிடிப்பது, பிடித்தபின் தோள் எங்கே இருக்க வேண்டும் என்பதை வாத்தியார் எப்படிச் சொல்லித்தருவார்? நானோ ஆண். அங்கே எங்களுக்குக் கை கொடுத்தது அந்த நெட்டைப் பெண்ணின் சித்தி. பள்ளியில் படித்த காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர், பத்தாவதோடு கல்யாணம், இப்போது இரண்டு பிள்ளைகள். நூறு நாள் வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வருவார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் நின்றால், அடுத்த ஒரு மணி நேரம் அவர் வேறு ஆள். “கைய நீட்டாத, உள்ள வரட்டும். வரட்டும்... இப்ப!” அந்த நெட்டைப் பெண்ணைத் தடுப்பின் இடது மூலையில், லெஃப்ட் கார்னரில், நிறுத்தியது அவர்தான். இந்தக் கட்டுரையில் அவளை அப்படியே அழைக்கிறேன்.

பயிற்சிக்கு நேரம் வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன், நான்கு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குச் சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒருத்தி மாடு கறக்க வேண்டும், ஒருத்தி தம்பிக்குச் சமைத்துக் கட்டிக்கொடுக்க வேண்டும். மாலையில் என்றால் எங்கள் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தால் மறுநாள் கபடியே கிடையாது. ஆக மிஞ்சியது பி.டி. பீரியடு. அந்த பீரியடைத்தான் ஊரே திருடிக்கொண்டிருந்தது. திருட்டைத் தொடங்கி வைத்தவன் நான்.

“சார், நைன் ஏ பி.டி. இன்னைக்கு எனக்கு வேணும். போர்ஷன் முடியல” என்று அறிவியல் டீச்சர் வந்து நின்றபோது, “டீச்சர், பிள்ளைங்க விளையாடற நேரம்...” என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். பீரியடைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். மூன்றாவது வாரம்தான் முடியாது என்று சொல்ல வாய் வந்தது. ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் யாரும் எனக்கு டீ ஊற்றவில்லை.

முதல் வருடம், ஜோனல் என்கிற குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. அடுத்த வருடம் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். 2024இல்தான் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் குறுவட்டத்தையும் தாண்டி, வருவாய் மாவட்டத்தையும் தாண்டி, மாநிலப் போட்டிக்குப் போனோம். அந்த வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் லெஃப்ட் கார்னரும் எங்கள் முதல் ரைடரும் அப்போது பத்தாம் வகுப்பு. என் வகுப்பு.

பள்ளி விளையாட்டின் நாட்காட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? ஆகஸ்ட்டில் குறுவட்டம். அது முடிந்து மாவட்டம் வரும்போது காலாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும். மாநிலப் போட்டி வரும்போது அரையாண்டு. தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டால் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று வரிசை கட்டும். இதில் 2017-18லிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததால், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் தொடர்ந்து பொதுத்தேர்வு. பதினைந்திலிருந்து பதினேழு வயது. உடம்பு ஏறுகிற வயசு, ஆட்டம் பிடிபடுகிற வயசு அதுதான். 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னாலும் சரி, விளையாடுகிற பிள்ளைகளுக்கு மூச்சு விட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது என்பேன்.

அந்த வருடக் காலாண்டில் லெஃப்ட் கார்னர் கணக்கில் 22. ரைடர் 51. வகுப்பாசிரியை தாளை என் முன்னால் போட்டு, “விளையாட்டு விளையாட்டுன்னு கூட்டிட்டுப் போனீங்கள்ல சார், பாருங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்குப் பதில் சொல்லத்தான் பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்தேன். எடுத்தபின் பதில் சொல்வதை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

லெஃப்ட் கார்னர் ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் 24 வாங்கியவள். அதற்கு முந்தைய வருடங்களிலும் அதே மட்டம்தான். கபடிக் களத்தில் கால் வைப்பதற்கு முன்பிருந்தே அவளுக்குக் கணக்கு வராது. அவளுடைய 22க்குக் கபடியைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் ரைடர் கதை வேறு. ஒன்பதாவதில் 84 வாங்கியவள் 51க்கு விழுந்திருக்கிறாள். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தில் ஒரு பிழை இல்லை. இயற்கணிதத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆகஸ்ட்டில் நான் இயற்கணிதம் நடத்திய நாட்களையும் அவள் வருகையையும் ஒட்டிப் பார்த்தேன். ஜோனலுக்காக நாள் முழுக்கவும், பயிற்சிக்காகக் கடைசி இரண்டு பீரியடும் அவள் போன நாட்கள் அப்படியே பொருந்தின. பதிவேட்டில் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். வராத பாடத்தை அவளுக்கு மறுபடி நடத்தியிருக்க வேண்டியவனும் நான். கையில் விசில் இருந்த நேரத்தில் எனக்குள் இருந்த கணக்கு வாத்தியாரை நான் கவனிக்கவே இல்லை.

‘விளையாடினால் படிப்பு கெடும்’ என்று ஒரு கட்சி. ‘விளையாடுகிற பிள்ளை நன்றாகப் படிக்கும், ஒழுக்கம் வரும்’ என்று மேடையில் பேசும் இன்னொரு கட்சி. ஆண்டு விழாவுக்கு வருகிற எல்லோரும் இந்த இரண்டாவது கட்சி, மறுநாள் ரிசல்ட் கூட்டத்தில் அவர்களே முதல் கட்சி. என் நோட்டில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளின் மதிப்பெண் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடவில்லை. எந்தப் பாடம் நடந்த நாளில் யார் இல்லை, அது மறுபடி நடந்ததா இல்லையா, அவ்வளவுதான் அதில் தெரிந்தது.

நவம்பர் கடைசியில் மழை. ஃபெஞ்சல் புயல் வந்த சமயம். டெல்டாவில் சம்பா வயல் எது, எங்கள் மைதானம் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. பள்ளிக்குத் தொடர்ந்து லீவு விட்டார்கள். அப்புறம் வழக்கம்போல, விட்ட நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. மழைக்கு ஒரு நாள் போனால் அரசாங்கமே கணக்கு வைத்து அடைக்கிறது. மாவட்டத்துக்காக ஆடப்போன பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் குறையாது, ஆனால் பாடம் போனது போனதுதான். அதை யாரும் அடைப்பதில்லை.

ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். விளையாடப் போகிற பிள்ளைகளுக்காக ஒரு தாள்: எந்த நாள் எந்தப் பாடம் நடந்தது, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் அதற்கு. “விளையாடறவங்களுக்குத் தனிச் சலுகையா சார்?” என்றார் அறிவியல் டீச்சர். “மழைக்குச் சனிக்கிழமை வர்றோமே டீச்சர்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தாள் வந்தது, அதுவும் சிவப்பு மை அடிக்கோட்டோடு. இரண்டு பேர் கடைசி வரை தரவே இல்லை. அவர்கள் காரணமும் நியாயமானதுதான், ஒருவருக்கு ஐந்து வகுப்பு.

புங்க மரத்தடியில் மதியம் உட்கார்ந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பத்தாவது வரை படிப்பவர்களுக்குச் சத்துணவு உண்டு, முட்டை உண்டு. பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பேருக்கு அது கிடையாது. அதே அணி, அதே ஓட்டம், தட்டில் மட்டும் வித்தியாசம். ஒருத்தி எப்போதும் “பசிக்கல சார்” என்பாள். அப்புறம் வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கிவைக்க ஆரம்பித்தேன். லெஃப்ட் கார்னரின் சித்தி தினம் ஒரு டப்பா சுண்டல் கொண்டுவருவார், கேட்டால் வீட்டில் மிச்சமானது என்பார். தினமுமா மிச்சமாகும்?

பெற்றோர் பக்கம் வருகிறேன். ரைடரின் அம்மா மாநிலப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். நானும் தமிழம்மாவும் வீட்டுக்குப் போனோம். பெண் பிள்ளைகளோடு வெளியூர் போகப் பெண் ஆசிரியர் ஒருவர் வேண்டும். எங்கள் தமிழம்மாதான் மூன்று வருடமும் வந்தவர். “கால் கை ஒடஞ்சா நாளைக்கு யாரு சார் கட்டிக்குவா?” என்றார் அந்த அம்மா. நான் உடனே என் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். கணக்கு வாத்தியார் வாயால் அதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 38 மாவட்டம். எல்லா மாவட்டமும் ஓர் அணி அனுப்பினால், அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று 456 பெண்கள் மாநிலப் போட்டிக்கு வருவார்கள். அதிலிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போகும் தமிழ்நாடு அணிக்குப் பன்னிரண்டு பேர். வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கும் படிவங்கள் இருக்கின்றனவே, படிவம் 1 சர்வதேசப் போட்டிக்கு, 2 தேசியப் போட்டிக்கு, 3 பல்கலைக்கழகத்துக்கு, 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. குறுவட்டத்திலும் மாவட்டத்திலும் ஜெயித்த சான்றிதழ் இந்த நான்கில் எதிலும் சேராது. லேமினேட் செய்து வீட்டுச் சுவரில் மாட்டலாம். இதைத் தெரிந்துகொண்டே “கோட்டா இருக்கு, வேலை கிடைக்கும்” என்று அந்தக் கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது, பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் பொய்தான். பி.டி. ஆசிரியர்கள் அந்தப் பொய்யைச் சொல்வது கெட்ட எண்ணத்தில் அல்ல. வேறு எதைச் சொன்னாலும் வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்பதால்.

தமிழம்மா கோட்டா பற்றிப் பேசவே இல்லை. “ஏங்க, நீங்க இந்த ஊரைத் தாண்டி எங்கயாவது நாலு நாள் தங்கியிருக்கீங்களா?” என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, “வேளாங்கண்ணிக்குப் போயி ஒரு ராத்திரி தங்குனோம்” என்றார். “இவ போயிட்டு வரட்டும். நான் பக்கத்துலயே படுத்துக்கறேன்.” அவ்வளவுதான் பேச்சு. தேங்காய் எண்ணெயும் சீப்பும் எடுத்துவைக்கிறேன் என்று அந்த அம்மா உள்ளே போனார்.

மாநிலப் போட்டியில் தங்குவதற்கு ஒரு பள்ளியின் வகுப்பறையைக் கொடுத்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. பக்கத்து அறையில் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைகள் நடுராத்திரி வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில். பத்து மணி வாக்கில் தமிழம்மா வந்து கூப்பிட்டார். கரும்பலகையில் ரைடர் ஒரு வட்டம் வரைந்து, வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள். காம்பஸ் இல்லை, நூலில் சாக்பீஸ் கட்டியிருக்கிறாள். தரையில் லெஃப்ட் கார்னர் உட்கார்ந்து அதைப் பார்த்து நோட்டில் வரைகிறாள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டும் சேர்த்து 16 மதிப்பெண். தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் இதைத்தான் கையில் கொடுப்போம். இது நின்றுவிட்டால் 35க்குப் பாதி வழி வந்தாயிற்று. நான் சொன்னபோது மூன்று மாதமாக ஏறாதது, அவள் தோழி சொன்னபோது அந்த ராத்திரி ஏறியது. நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் கெடுத்திருப்பேன்.

ஆட்டம்? முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம், இரண்டாவதில் ஏழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். எதிரணி ‘மேட்’ எனும் விரிப்பில் ஆடிப் பழகியவர்கள், எங்களவர்கள் மண்ணில். விரிப்பில் கால் ஒட்டும் என்பது அதன்மேல் ஏறிய பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. லெஃப்ட் கார்னர் மட்டும் ஐந்து பேரைக் கணுக்காலில் பிடித்துப் போட்டாள். தேர்வாளர்கள் யாரோ அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதன்பின் ஒன்றும் வரவில்லை. பஸ் ஊர் வந்து சேர அதிகாலை மூன்று மணி. காலையில் அரையாண்டு.

மார்ச்சில் பொதுத்தேர்வு. ரைடர் கணக்கில் 78. அவளுடைய 84க்கு இன்னும் ஆறு நான் பாக்கி. லெஃப்ட் கார்னர் 41. கபடியால்தான் பாஸானாள் என்று ஆண்டு விழாவில் ஒருவர் பேசினார். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. அவளோடு பாஸான மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கபடிக் களத்தின் நீளம்கூடத் தெரியாது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் “பசிக்கல சார்” என்று சொல்வாளே, அந்தப் பிளஸ் ஒன் பெண், எங்கள் அணியில் ‘கவர்’ இடத்தில் நின்று தடுக்கிறவள். அவள் பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் இரண்டு பாடத்தில் போய்விட்டாள். இயற்பியல், வேதியியல். என் வகுப்புப் பிள்ளை இல்லை என்பதால் அவளுக்கு எந்தப் பாடம் போனது என்று நான் எழுதியே வைக்கவில்லை. தாள் தராத இரண்டு பேரும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள்தான், நானும் திரும்பப் போய்க் கேட்கவில்லை. மாநிலப் போட்டியில் எங்கள் தடுப்பு நின்றதே அவளால்தான். லெஃப்ட் கார்னர் காலைப் பிடித்ததும் பாய்ந்து வந்து அமுக்குகிற ஆள் அவள். காலைப் பிடித்தவளுக்குக் கைதட்டல், அமுக்கியவளை யாரும் பார்ப்பதில்லை. ரிசல்ட் அன்று போன் செய்தேன். “பரவால்ல சார், ஜூலைல எழுதிக்கறேன்” என்றாள். எழுதினாள். வேதியியல் வந்துவிட்டது. இயற்பியல் இன்னும் இருக்கிறது. இந்த வருடம் அவள் கபடிக்கு வரவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கு மட்டும் தமிழம்மாவோடு போக எனக்குக் கால் வரவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் இரண்டு கபடி அணிகளும் தங்கம் வாங்கின. பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் எங்கள் பக்கத்து வடுவூர் அபினேஷ். ஊரெல்லாம் பேனர். அந்த வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர் பள்ளிக்கு வந்து, “எம் பொண்ணையும் சேத்துக்குங்க சார்” என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. புது பி.டி. மேடத்தைக் கை காட்டினேன்.

ஆமாம், அந்த வருடம் ஜூனிலேயே புது பி.டி. ஆசிரியை வந்துவிட்டார். விசிலை அவரிடம் கொடுத்துவிட்டேன். கூடவே என் நோட்டையும் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், இவ்ளோ பொடி எழுத்து” என்றார்.

ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் பாடமான உறவுகளும் சார்புகளுமே முடியவில்லை, இடையில் ஏகப்பட்ட பயிற்சி வகுப்பு என்று என்னை வேறு மன்னார்குடிக்கு இழுத்துவிட்டார்கள். கடைசி பீரியடு டென் பி-க்கு பி.டி. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே சாக்பீஸ் டப்பாவோடு மைதானத்துக்கு நடந்துவிட்டேன். கால் தானாகப் போகிறது, பதினான்கு வருடப் பழக்கம். மேடம் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், டென் பி-யை இன்னைக்கு ஒருநாள்...”

“ஜோனல் செவ்வாய்க்கிழமை சார்.”

“அதான், அரை மணி நேரம்...”

“தர மாட்டேன் சார்.”

கபடிக் களத்தின் இடது மூலையில் நின்று சின்னப் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த லெஃப்ட் கார்னர், இப்போது பிளஸ் ஒன், என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அந்தப் பழைய “ம்ம்ம்ம்...” சத்தத்தை எழுப்பினாள். களத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

டப்பாவைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பினேன்.